எக்ஸ்பிரஷன் பெடல், என்வலப், எல்எஃப்ஓ: ஃபில்டரிலும் டிலேயிலும் மாடுலேஷன் சரியாக அமைவதில்லை

தந்திக்குரல்

வணக்கம். கிடாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர் ஒன்று பயன்படுத்துகிறேன். செயின் வரிசை: கம்ப்ரஸர், டிரைவ், லோ பாஸ் ஃபில்டர், டிலே, ரிவர்ப். எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் மிதித்து ஒரு மதிப்பை ஏற்றி இறக்கும் பெடல்) நேராகப் பிராசஸரில் இல்லை. மிடி ஃபுட் கன்ட்ரோலரில் செருகியிருக்கிறது, அது சிசி 11 (பெடலின் மதிப்பைச் சொல்லும் மிடி செய்தி, எண் 11) அனுப்புகிறது.

பெடல் ஃபில்டரின் கட்ஆஃபை (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலி வெட்டப்படுகிறது என்ற எல்லையை) 150 ஹெர்ட்ஸிலிருந்து 6 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்த வேண்டும். கால்வாசி மிதிப்பதற்குள் ஒலி பெரும்பாலும் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் மிதித்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மெதுவாக மிதித்தால் கீழ்ப்பகுதியில் படிப்படியாகத் தாவுவது காதில் விழுகிறது.

இன்னொரு பிரீசெட்டில் (சேமித்து வைத்த அமைப்பில்) அதே ஃபில்டரை என்வலப் ஃபாலோயர் (மீட்டலின் பலத்தைப் பின்தொடரும் பகுதி) திறக்கிறது. டிரைவுக்குப் பிறகு வரும் சிக்னலைத்தான் அது பார்க்கிறது. அட்டாக் (ஏறும் நேரம்) 5 மில்லிசெகண்ட், ரிலீஸ் (இறங்கும் நேரம்) 40. மெல்லிய கம்பிகளில் பரவாயில்லை, ஆறாம் கம்பியில் கரகரவென்று வருகிறது. பலமாக மீட்டினாலும் மெதுவாக மீட்டினாலும் ஃபில்டர் ஏறக்குறைய ஒரே அளவுதான் திறக்கிறது.

மூன்றாவது, டிலே டைம் 400 மில்லிசெகண்ட், அதன் மேல் சைன் எல்எஃப்ஓ (தானாக மெதுவாக ஏறி இறங்கும் அலை) 1.5 ஹெர்ட்ஸ், டெப்த் 5 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் (எதிரொலி மறுபடி டிலேக்குள் போகும் அளவு) 55%. டேப் எக்கோவில் வருவது போன்ற லேசான அசைவு வேண்டும். வருவதோ சுருதி கலைந்த ஒலி.

பிரீசெட் மாற்றியதும் கட்ஆஃப் வேறெங்கோ நிற்கிறது, பெடலைத் தொட்ட உடனே குதிக்கிறது. இதற்கும் வழி சொல்லுங்கள்.

மந்த்ர ஸ்தாயி

முதலில் பெடல். மிதிக்கும்போது சீராக இல்லாததும், படிப்படியாகத் தாவுவதும் ஒரே காரணத்தால் வருபவை: கட்ஆஃப் லீனியராக மேப் ஆகியிருக்கிறது, அதாவது பெடலின் சம நகர்வுக்குச் சம ஹெர்ட்ஸ் ஏறுகிறது. காது அதிர்வெண்ணை ஆக்டேவ் கணக்கில் (ஒவ்வொரு இரட்டிப்பும் ஒரு ஆக்டேவ்) கேட்கிறது, ஹெர்ட்ஸ் கணக்கில் அல்ல. 150இலிருந்து 6000 வரை மொத்தம் 5.3 ஆக்டேவ். லீனியர் மேப்பில் பெடல் கால்வாசி வரும்போதே கட்ஆஃப் சுமார் 1600 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அதாவது 5.3இல் 3.4 ஆக்டேவ் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பாதியில் 3075 ஹெர்ட்ஸ். மீதமுள்ள பாதிப் பெடலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஆக்டேவ்தான். நீங்கள் கேட்பது அப்படியே இதுதான்.

உறுதி செய்துகொள்ள, பெடலைச் சரியாகப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரையில் கட்ஆஃபைப் படியுங்கள். 3000க்கு அருகில் காட்டினால் லீனியர். 950க்கு அருகில் காட்டினால் உங்கள் கருவி ஏற்கனவே லாக் கணக்கில் (சம நகர்வுக்குச் சம ஆக்டேவ்) மேப் செய்கிறது, அப்போது குறை பெடலில் அல்லது கன்ட்ரோலரில் இருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமல் கர்வை (பெடல் நிலையைக் கட்ஆஃபாக மாற்றும் வளைவை) தொடாதீர்கள். லாக் மேப்பின் மேல் இன்னொரு லாக் கர்வ் போட்டால் கோளாறு மறுமுனைக்கு மாறிவிடும். முழுக்க மிதிக்கும்வரை ஒன்றும் நடக்காது, கடைசியில் எல்லாம் ஒரே அடியாகத் திறக்கும்.

லீனியர்தான் என்றால், மாடுலேஷன் பக்கத்தில் கர்வ் தேர்வு இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்போனென்ஷியல் என்றோ லாக் என்றோ பெயர் இருக்கும். பெயர் கருவிக்குக் கருவி மாறும், ஆகவே பெயரை நம்பாமல் பாதி நிலையில் 950 வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்டார்ட், மிட், எண்ட் என்று மூன்று புள்ளிகள் தரும் கருவியானால் மிட் மதிப்பை 14% வைக்க வேண்டும். ஏனென்றால் 950 ஹெர்ட்ஸ் என்பது 150–6000 இடைவெளியில் கிட்டத்தட்ட 14%இல் விழுகிறது. ஐந்து புள்ளி தரும் கருவியில் கால் நிலைக்கு 4%, பாதிக்கு 14%, முக்காலுக்கு 38%. ஹெர்ட்ஸில் சொன்னால் 377, 950, 2386.

இனி படிகள். சிசி என்பது 7 பிட், 0 முதல் 127 வரை. லீனியர் மேப்பில் ஒரு படி 46 ஹெர்ட்ஸ். மேலே 5954இலிருந்து 6000க்குப் போவது வெறும் 13 சென்ட் (100 சென்ட் ஒரு செமிடோன்), யாருக்கும் கேட்காது. கீழே 150இலிருந்து 196க்குத் தாவுவதோ 460 சென்ட்டுக்கு மேல், அதாவது நாலரை செமிடோன். கர்வைச் சரிசெய்தாலே எல்லாப் படியும் சமமாக 50 சென்ட்டுக்கு வந்துவிடும். பாதிச் சிக்கல் அங்கேயே முடிந்தது.

மீதியை ஸ்மூத்திங் (மதிப்பு தாவாமல் வழுக்கிப் போகச் செய்யும் அமைப்பு) பார்த்துக்கொள்ளும். சில கருவிகளில் டாம்பிங், சிலவற்றில் லேக் என்று இருக்கும். இரண்டு செகண்டில் முழுப் பெடலையும் மிதித்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே சுமார் 16 மில்லிசெகண்ட் வரும். அதைவிடச் சற்று நீளமாக 25 முதல் 40 வரை வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வா-வா பெடல் மாதிரி வேகமாக மிதிக்கும்போது ஃபில்டர் காலுக்குப் பின்னால் இழுபடும்.

ரெசனன்ஸையும் (கட்ஆஃப் அருகே ஒலியைத் தூக்கும் அளவு, க்யூ என்ற எண்ணில் சொல்வார்கள்) கையோடு பார்த்துவிடுங்கள். இரண்டு போல் லோ பாஸ் ஃபில்டரில் க்யூ 4 என்றால் கட்ஆஃப் இருக்கும் இடத்தில் சுமார் 12 டெசிபல் முகடு எழும். கட்ஆஃப் 2, 3 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்போது அந்த முகடு காதைக் குத்தும். அதே பெடலை ரெசனன்ஸுக்கும் கொடுங்கள், ஆனால் தலைகீழாக: மின் (மினிமம்) இடத்தில் 4, மேக்ஸ் (மேக்ஸிமம்) இடத்தில் 1.2. பெரும்பாலான கருவிகள் மின்னை மேக்ஸைவிடப் பெரிதாக வைக்க அனுமதிக்கும், தலைகீழாக்கத் தனி சுவிட்ச் தேவையில்லை.

பத்துகிலோஓம்

மேல சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி பெடலோட பக்கம் ஒரு பார்வை பாத்துடுங்க. கர்வ் பிரச்சினை மாதிரியே தெரியுற ஹார்டுவேர் பிரச்சினை மூணு இருக்கு.

ஒண்ணு, காலிபரேஷன். கன்ட்ரோலர்ல சிசி மானிட்டர் இருந்தா தொறந்து, குதிகால் பக்கம் முழுசா சாய்ச்சா 0, நுனிக்கால் பக்கம் முழுசா மிதிச்சா 127 வருதான்னு பாருங்க. நிறைய பெடல்ல உள்ள இருக்குற பொட்டு (பொட்டென்ஷியோமீட்டர், சுத்தினா ஓம் மாறுற பாகம்) முழுசா சுத்தாது, அதனால ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் மதிப்பு விட்டுப்போகும். காலிபரேட் பண்ணும்போது பெடல ஓங்கி அழுத்தாதீங்க. ரப்பர் நசுங்கி வர்ற மதிப்ப கருவி உச்சம்னு எடுத்துக்கும், அப்புறம் வாசிக்கும்போது சாதாரணமா மிதிச்சா அங்க போய்ச் சேராது. டெட் ஸோன் செட்டிங் இருந்தா ஓரத்துக்கு 2, 3 சதவீதம் கொடுத்துருங்க.

ரெண்டு, ஒயரிங். எக்ஸ்பிரஷன் பெடலுக்கு மூணு காண்டாக்ட் (நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ்) இருக்குற ஸ்டீரியோ பிளக் கேபிள் வேணும். பொட்டோட நடுக்கால் டிப்புக்குப் போற வகை ஒண்ணு, ரிங்குக்குப் போற வகை ஒண்ணு, ரெண்டும் புழக்கத்துல இருக்கு. மாறிப் போச்சுன்னா பெடல் வேலை செய்யுற மாதிரியே இருக்கும், ஆனா பயணத்தோட ஒரு ஓரத்துல மட்டும் எல்லா மாற்றமும் குவிஞ்சு நிக்கும். பெடலுக்கு அடியிலயோ கன்ட்ரோலர் மெனுவுலயோ போலாரிட்டி சுவிட்ச் இருந்தா மாத்திப் பாருங்க. சாதாரண கிடார் கேபிள் போட்டா ரிங்கும் ஸ்லீவும் ஷார்ட் ஆகும், பெடல் ஒரே மதிப்புல நின்னுடும் இல்லன்னா தாறுமாறா ஓடும்.

மூணு, பொட்டோட டேப்பர், அதாவது சுத்தச் சுத்த ஓம் எந்தக் கணக்குல ஏறுதுங்கறது. வால்யூம் பெடல எக்ஸ்பிரஷனா மாத்திப் பயன்படுத்துறவங்களுக்கு இது கட்டாயம் வரும். எக்ஸ்பிரஷனுக்கு வேண்டியது பொதுவா 10 கிலோ ஓம்ல இருந்து 50 கிலோ ஓம் வரைக்கும் லீனியர் பொட். பாஸிவ் வால்யூம் பெடல்ல இருக்குறது பெரும்பாலும் 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர். மல்டிமீட்டர்ல பாக்குறது சுலபம்: கேபிள பெடல்ல மட்டும் செருகி, மறுமுனை பிளக்குல ஸ்லீவுக்கும் நடுக்காலுக்கும் நடுவுல அளந்துக்கிட்டே பெடல பாதிக்குக் கொண்டுவாங்க. மொத்த ஓம்ல ஏறக்குறைய பாதி காட்டினா லீனியர். பத்து, பதினஞ்சு சதவீதம்தான் காட்டுதுன்னா ஆடியோ டேப்பர். எந்தக் கால் நடுக்கால்னு தெரியலன்னா, பெடல அசைச்சாலும் ஓம் மாறாத ஜோடி எதுன்னு பாருங்க, அந்த ரெண்டையும் விட்டு மீதி இருக்குறதுதான்.

பிராசஸர்லயே எக்ஸ்பிரஷன் ஜாக் இருந்தா பெடல அங்க நேரா செருகிடுங்க. உள்ள இருக்குற கன்வெர்ட்டர் பொதுவா 7 பிட்ட விட நுணுக்கமா படிக்கும், படிங்கற பேச்சே வராது. மிடி வழியாத்தான் போகணும்னா, ரெண்டு பக்கமும் 14 பிட் சிசி ஏத்துக்குமான்னு மேனுவல்ல பாருங்க. சிசி 11க்கு ஜோடி சிசி 43, ரெண்டும் சேர்ந்தா 16384 படி. ஒரு பக்கம் மட்டும் ஏத்துக்கிட்டா பிரயோஜனம் இல்ல.

நம்பர் விஷயத்துல இன்னொண்ணு. 0ம் 32ம் பேங்க் செலக்ட், 7 வால்யூம், 64 சஸ்டெய்ன், 120ல இருந்து 127 வரைக்கும் சேனல் மோட் மெசேஜ். இதுங்கள விட்டுட்டு 16ல இருந்து 19 வரைக்குமோ, 102ல இருந்து 119 வரைக்குமோ எடுத்துக்கிட்டா மோதல் வராது.

அலைவடிவம்

டிலேக்கு வருகிறேன். டிலே டைமை நகர்த்தினால் சுருதி நகரும், இதைத் தவிர்க்க முடியாது. எவ்வளவு நகர்கிறது என்பதைக் கணக்கிட்டுவிட்டால் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். சைன் எல்எஃப்ஓவுக்கு அதிகபட்ச விலகல் 2 × பை × ரேட் × டெப்த், டெப்த்தை செகண்டில் எடுக்க வேண்டும். உங்கள் அமைப்புக்கு 2 × 3.14 × 1.5 × 0.005 = 0.047. சென்ட் கணக்கில் மேலே சுமார் 80, கீழே சுமார் 84. ஒரு செமிடோனே 100 சென்ட்தான், ஆகவே சுருதி கலைவதில் வியப்பில்லை. உங்கள் கருவி டெப்த்தை உச்சத்திலிருந்து பள்ளம் வரையிலான மொத்த அளவாகக் காட்டுகிறதென்றால் இதில் பாதி, அதுவும் 40 சென்ட்.

டேப் போன்ற அசைவுக்கு 5 முதல் 10 சென்ட் போதும். 1.5 ஹெர்ட்ஸில் 10 சென்ட் வேண்டுமென்றால் டெப்த் 0.6 மில்லிசெகண்ட். 0.5 ஹெர்ட்ஸில் அதே 10 சென்ட்டுக்கு 1.8 மில்லிசெகண்ட். ரேட்டை ஏற்றும்போதெல்லாம் டெப்த்தை அதே விகிதத்தில் இறக்க வேண்டும். பலர் ரேட் நாபை மட்டும் திருப்பிவிட்டு ஒலி ஏன் இவ்வளவு முரடாகிறது என்று பார்ப்பது இதனால்தான்.

அலைவடிவத்துக்கும் பங்குண்டு. முக்கோண அலையில் டிலே டைம் ஒரே வேகத்தில் ஏறி ஒரே வேகத்தில் இறங்குகிறது. அதனால் சுருதி வளைந்து நெளியாது. இரண்டே நிலையில், மேலே ஒன்று கீழே ஒன்று என்று தாவித் தாவி நிற்கும். கோரஸில் அது பொருந்தும், நீளமான டிலேயில் செயற்கையாகக் கேட்கும். சதுர அலையை டிலே டைமுக்குக் கொடுக்கவே கூடாது, ஒவ்வொரு தாவலிலும் கிளிக் வரும்.

கவனமாகப் பார்க்க வேண்டியது ஃபீட்பேக். ஒவ்வொரு எதிரொலியும் மறுபடி அதே டிலே லைன் வழியாகப் போகிறது, மறுபடி அதே எல்எஃப்ஓவிடம் மாட்டுகிறது. இரண்டாம் சுற்றில் எல்எஃப்ஓ எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலகல் கூடும் அல்லது கழியும். டிலே டைமும் எல்எஃப்ஓவின் ஒரு முழுச் சுற்றும் சமமாக இருந்தால், எதிரொலி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் விழும். 10 சென்ட் அடுத்து 20 ஆகும், பிறகு 30. 400 மில்லிசெகண்ட் டிலேக்கு அந்த ஆபத்தான ரேட் 2.5 ஹெர்ட்ஸ். டிலே டைம் எல்எஃப்ஓ சுற்றில் சரிபாதியாக இருந்தாலோ, முதல் சுற்றில் ஏறியது அடுத்த சுற்றில் இறங்கி நேராகிவிடும். உங்களுக்கு அது 1.25 ஹெர்ட்ஸ்.

டெம்போ சிங்க் (வேகத்தைப் பாட்டின் தாளத்தோடு பூட்டுவது) போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். டிலேயும் குவார்ட்டர் நோட், எல்எஃப்ஓவும் குவார்ட்டர் நோட் என்று வைப்பதுதான் கைக்கு முதலில் வரும் அமைப்பு, சுருதிக்கு அதுவே மிக மோசமானது. டிலே குவார்ட்டர், எல்எஃப்ஓ ஹாஃப் நோட் என்று வையுங்கள். அல்லது எல்எஃப்ஓவை சிங்க்கிலிருந்து விடுவித்து 0.7, 0.8 ஹெர்ட்ஸ் போன்ற டெம்போவோடு ஒட்டாத ரேட்டில் ஓடவிடுங்கள். டேப் ஒலிக்கு இரண்டாவது வழிதான் எனக்கு உகந்தது. 0.7 ஹெர்ட்ஸ், 0.8 மில்லிசெகண்ட், சைன், ஃபீட்பேக் 45% என்று தொடங்கிப் பாருங்கள்.

மந்த்ர ஸ்தாயி

என்வலப் விட்டுப்போனது. ஆறாம் கம்பியின் ஈ 82.4 ஹெர்ட்ஸ். என்வலப் ஃபாலோயர் சிக்னலின் இரண்டு பக்கத்தையும் மடித்துப் பார்ப்பதால் சுமார் 6 மில்லிசெகண்டுக்கு ஒரு முகடு தெரியும். ரிலீஸ் டைம் கான்ஸ்டன்ட் 40 என்றால் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்வலப் 14% வரை சரிந்து மீண்டும் ஏறும். அந்தச் சரிவும் ஏற்றமும் கட்ஆஃபை செகண்டுக்கு 165 முறை ஆட்டுகிறது. அதுதான் கரகரப்பு. ரிலீஸை 200க்குக் கொண்டுபோனால் சரிவு 3% ஆகிவிடும். ஆறாம் கம்பியையும் ஐந்தாம் கம்பியையும் சேர்த்து மீட்டும்போது 82.4க்கும் 110க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 28 ஹெர்ட்ஸ் பீட், அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே கார்ட் வாசிப்பவர்களுக்கு 250க்குக் குறையாமல் வைப்பேன். அட்டாக்கை 5இலிருந்து 10, 12க்கு ஏற்றுங்கள். பிக் கம்பியில் படும் அந்த முதல் சொடுக்குக்கு ஃபில்டர் துள்ளாது.

எல்லாம் ஒரே அளவு திறப்பதற்குக் காரணம், சிக்னலை டிரைவுக்குப் பிறகு எடுப்பது. கம்ப்ரஸரும் டிரைவும் பலமான மீட்டலையும் மெல்லிய மீட்டலையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிவிட்டன. அளக்க அங்கே ஏற்ற இறக்கமே மிச்சமில்லை. என்வலப்பின் சோர்ஸை இன்புட்டுக்கு மாற்றுங்கள், ஃபில்டர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிறகு சென்சிட்டிவிட்டி: நீங்கள் மீட்டக்கூடிய மிகப் பலமான கார்டை மீட்டி, மீட்டர் 95% தொடும்வரை ஏற்றுங்கள். மிக மெல்லிய மீட்டல் அப்போது 15, 20%இல் விழ வேண்டும். கிடார் வால்யூம் நாபை அடிக்கடி தொடுபவரானால் அது முழுக்கத் திறந்த நிலையில் அளந்துகொள்ளுங்கள்.

அலைவடிவம்

சோர்ஸை இன்புட்டில் எடுப்பதில் ஒரு மாற்றுக் கருத்து. விரலால் வாசிப்பவர்களுக்கும் பேஸ் கிடாருக்கும் இன்புட் ஏற்ற இறக்கம் மிக அதிகம். ஒரு நோட்டுக்கு ஃபில்டர் பாதி திறக்கும், அடுத்ததற்கு முழுக்க. அவர்கள் கம்ப்ரஸரை 2:1, கெயின் ரிடக்‌ஷன் 3, 4 டெசிபலுக்கு மிகாமல் வைத்து அதற்குப் பிறகு, ஆனால் டிரைவுக்கு முன்பு, என்வலப் எடுப்பது நல்லது. பேஸின் தாழ்ந்த ஈ 41.2 ஹெர்ட்ஸ் என்பதால் ரிலீஸும் இரட்டிப்பாக வேண்டும்.

தந்திக்குரல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாதி நிலையில் திரை 3080 காட்டியது, லீனியர்தான். சிசி மானிட்டரில் 9 முதல் 118 வரைதான் வந்தது, காலிபரேட் செய்த பிறகு 0–127. மிட் 14%, ஸ்மூத்திங் 30 வைத்ததும் பெடல் முழுப் பயணத்திலும் சீராகத் திறக்கிறது. டிலே 0.7 ஹெர்ட்ஸில் அழகாக அசைகிறது. என்வலப் இன்புட்டுக்கு மாறியதும் கைக்குக் கட்டுப்படுகிறது.

பிரீசெட் மாற்றும்போது வரும் குதிப்பு இன்னும் இருக்கிறது. கூடவே ஒரு கேள்வி: கட்ஆஃபில் பெடலோடு மெதுவான எல்எஃப்ஓவையும் சேர்த்தேன். நடுவில் நன்றாக இருக்கிறது, பெடலை ஓரத்துக்குக் கொண்டுபோனால் அசைவு பாதி வெட்டுப்படுகிறது. ஏன்?

பத்துகிலோஓம்

குதிப்புக்குக் காரணம் இதுதான்: பிரீசெட் சேவ் பண்ணப்போ இருந்த கட்ஆஃப் ஒண்ணு, இப்போ பெடல் நிக்குற இடம் இன்னொண்ணு. ரெண்டு வழி இருக்கு. பிரீசெட் லோடு ஆனதும் பெடலோட இப்போதைய நிலைய படிக்கச் சொல்லலாம், அப்போ கட்ஆஃப் எப்பவும் கால் இருக்குற இடத்துலதான் இருக்கும். இல்லன்னா பிக்கப் மோட்: பெடல் சேவ் ஆன மதிப்பக் கடக்குற வரைக்கும் கட்ஆஃப் அசையாது. மேடையில வாசிக்கிறவங்களுக்கு முதல் வழிய சொல்லுவேன், பிக்கப்ல பெடல் செத்துப் போச்சோன்னு கால் தடுமாறும். உங்க பெடல் கன்ட்ரோலர்ல இருக்குறதால பிராசஸருக்கு அதோட நிலை தானா தெரியாது. பிரீசெட் மாத்துற பட்டன் புரோகிராம் சேஞ்ச் அனுப்பின உடனே பெடலோட சிசி மதிப்பையும் சேர்த்து அனுப்புற மாதிரி கன்ட்ரோலர்ல செட் பண்ணுங்க. பிராசஸர் பிரீசெட் லோடு பண்ணி முடிக்கிறதுக்குள்ள சிசி வந்துட்டா அது தொலைஞ்சு போகும், அதனால நடுவுல டிலே கொடுக்க வசதி இருந்தா 50 மில்லிசெகண்ட்ல ஆரம்பிச்சு, தவறாம வர்ற வரைக்கும் ஏத்துங்க.

அலைவடிவம்

அசைவு வெட்டுப்படுவது கூட்டலால். இரண்டு சோர்ஸும் கூட்டப்பட்டு 0–100%க்குள் நறுக்கப்படுகின்றன. பெடல் 100%இல் நிற்கும்போது எல்எஃப்ஓவின் மேல் பாதிக்குப் போக இடமில்லை, அந்த நேரம் முழுக்கக் கட்ஆஃப் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்எஃப்ஓ டெப்த் கூட்டல் கழித்தல் 10% என்றால் பெடலின் எல்லையை 10–90% ஆக்குங்கள். உங்கள் கர்வில் இன்னொரு சிக்கலும் உண்டு: கூட்டல் கர்வுக்குப் பிறகு நடந்தால், குதிகால் பக்கம் அந்த 10% பல ஆக்டேவ் ஆகிவிடும், நுனிக்கால் பக்கம் கேட்கவே கேட்காது. கருவியில் அனுமதி இருந்தால் எல்எஃப்ஓவைக் கர்வுக்கு முன்பு கூட்டுங்கள். அனுமதி இல்லையென்றால் அதே பெடலை எல்எஃப்ஓ டெப்த்துக்கும் கொடுத்து, குதிகாலில் 1.5%, நுனிக்காலில் 10% என்று வையுங்கள். அப்போது பெடலின் கட்ஆஃப் எல்லையைக் கீழே 1.5%, மேலே 90% என்று நிறுத்தினால் போதும்.